சினிமாக் காது கேட்கும் கேம் இசை

லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் பீகாக் தியேட்டரில் 2024 டிசம்பர் 12 அன்று நடந்த ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில், ஆண்டின் சிறந்த இசைக்கான பரிசை ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்’ தட்டிச்சென்றது. அதனுடன் போட்டியில் நின்றவை ‘ஆஸ்ட்ரோ பாட்’, ‘மெட்டஃபர்: ரீஃபேன்டாசியோ’, ‘சைலன்ட் ஹில் 2’, ‘ஸ்டெல்லர் பிளேடு’. ஐந்தில் மூன்று ஜப்பானிய ஸ்டூடியோக்களில் உருவானவை. ஒன்று கொரியாவுடையது. மிச்சமிருக்கும் ‘சைலன்ட் ஹில் 2’ போலந்தில் மறுஆக்கம் செய்யப்பட்டது என்றாலும், இசை ஜப்பானியரான அகிரா யமவோகாவுடையது. இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி 2 அன்று அதே தியேட்டரில், கிராமி விருதுகளின் பகல்நேர விழாவில், வீடியோ கேம் இசைக்கான கிராமி அறிவிக்கப்பட்டது. பரிசு ‘விசர்ட்ரி’ என்ற பழைய அமெரிக்க ஆட்டத்தின் மறுஆக்கத்துக்கு இசையமைத்த வினிஃப்ரெட் ஃபிலிப்ஸுக்கு. மற்ற நான்கு பரிந்துரைகள் ‘அவதார்’, ‘காட் ஆஃப் வார்’, ‘ஸ்பைடர் மேன்’, ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசை ஆட்டங்கள். மேடை ஒன்று, பட்டியல் இரண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை. முதல் பட்டியல் கிழக்கே சாய்ந்திருக்கிறது. இரண்டாவதில் கிழக்கு என்ற திசையே இல்லை.

உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்புதான். கிராமியின் கணக்கு ஆண்டு வேறு. 2025 விருதுக்கு 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை வெளியான ஒலிப்பதிவுகள்தான் தகுதி பெறும். முதல் பட்டியலில் இருந்த ஐந்தில் மூன்று அதற்குப் பிறகு வந்தவை. சரி, அந்த மூன்றும் அடுத்த ஆண்டுக் கணக்கில் வந்திருக்க வேண்டுமே? 2026 கிராமி பட்டியலைப் பார்த்தால் மறுபடியும் ‘அவதார்’, மறுபடியும் ‘ஸ்டார் வார்ஸ்’, கூடவே ‘இண்டியானா ஜோன்ஸ்’, ‘ஹெல்டைவர்ஸ் 2’, ‘ஸ்வோர்டு ஆஃப் தி சீ’. இந்தப் பிரிவு 2023-இல்தான் தொடங்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் இருபது பரிந்துரைகள். ஜப்பானிய ஸ்டூடியோவில் உருவான ஆட்டம் அந்த இருபதில் ஒன்றும் கிடையாது. கேம் இசை என்றதும் உலகம் முழுக்க யாருடைய மெட்டுகளை மக்கள் முணுமுணுக்கிறார்களோ, அந்த நாடு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. இதை இனவெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது, அது சோம்பேறித்தனமான விளக்கமும்கூட. எந்த நடுவரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஓட்டுப் போடுவதில்லை. சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. அந்த அளவுகோல் எங்கே செய்யப்பட்டது, எதை அளக்கச் செய்யப்பட்டது என்று பார்த்தால், ஓரவஞ்சனை யாருடைய மனத்திலும் இல்லாமலே பட்டியலுக்குள் எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது புரியும்.

அட்லாண்டிக்கின் அக்கரையிலும் இதே கதைதான். பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் இசைக்கான பரிசு 2013-இல் ‘ஜர்னி’, அடுத்து ‘பயோஷாக் இன்ஃபினிட்’, ‘ஃபார் க்ரை 4’, ‘எவ்ரிபடிஸ் கான் டு தி ராப்ச்சர்’, ‘விர்ஜீனியா’, ‘கப்ஹெட்’, ‘காட் ஆஃப் வார்’, ‘டிஸ்கோ எலிசியம்’, ‘ஸ்பைடர் மேன்: மைல்ஸ் மொராலிஸ்’, ‘ரிட்டர்னல்’, ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’, ‘பால்டர்ஸ் கேட் 3’ என்று போய் 2025-இல் ‘ஹெல்டைவர்ஸ் 2’ வரை வந்திருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள், ஜப்பானிய இசையமைப்பாளர் ஒருவர்கூட இல்லை. இவை மோசமான தேர்வுகள் என்று யாரும் சொல்ல முடியாது. ‘ஜர்னி’யும் ‘டிஸ்கோ எலிசியமும்’ எந்தப் பட்டியலிலும் தலை நிமிர்ந்து நிற்கும். 2007-இல் ஜப்பானின் ‘ஓகாமி’ இதே பாஃப்டாவில் இசைப் பரிசு வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் காதுக்கு ஜப்பானிய கேம் இசை ஒத்துவரவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தப்பு. அந்த நாட்டின் கிளாசிக் எஃப்.எம். வானொலி ஆண்டுதோறும் நேயர்களிடம் ஓட்டெடுத்துத் தங்களுக்குப் பிடித்த சாஸ்திரிய இசைப் படைப்புகளை வரிசைப்படுத்துகிறது. 2013 வரிசையில் நோபுவோ உவேமட்சுவின் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ இசைக்கு மூன்றாம் இடம். மொசார்ட்டும் பாக்கும் இருக்கும் பட்டியலில் மூன்றாம் இடம்! சாதாரண நேயருக்குக் கேட்ட ஒன்று, தொழில்முறை நடுவருக்கு ஏன் கேட்காமல் போகிறது? 2025 ஏப்ரலில் பாஃப்டா தன் மிக உயரிய ஃபெலோஷிப் கௌரவத்தை யோகோ ஷிமோமுராவுக்குத் தந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’, ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ என்று மூன்று தலைமுறை விரல்களுக்குத் தாளம் போட்டவர் அவர். ஆயுள்கால மரியாதை கிடைக்கிறது, வருஷத்துப் பரிசு கிடைப்பதில்லை. நம்மூர் விருது மேடைகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

அளவுகோலுக்கு வருவோம். கிராமியில் மதிப்பிடப்படுவது ஒலிப்பதிவு. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்பம். வாக்களிக்கும் உறுப்பினர் அந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹெட்ஃபோனில் சவுண்ட்டிராக்கைக் கேட்டால் போதும். ஒரு திரைப்படத்துக்கு இது ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் படத்தில் இசை ஒரு தடவைதான், ஒரே வரிசையில்தான் வருகிறது. கேம் இசை அப்படி இல்லை. 1990-இல் வந்த ‘சூப்பர் மரியோ வேர்ல்டை’ எடுத்துக்கொள்ளுங்கள். மரியோ தனியாக ஓடும்போது ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும். யோஷி என்ற பச்சை டைனோசரின் முதுகில் அவன் ஏறி உட்கார்ந்த கணத்தில், அதே மெட்டுக்கு அடியில் ஒரு போங்கோ தாளம் சேர்ந்துகொள்ளும். இறங்கினால் தாளம் நின்றுவிடும், மெட்டு மட்டும் தொடரும். ஆட்டக்காரப் பையனுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டாம். சவாரியின் தெம்பு காது வழியாகவே உடம்புக்குள் போய்விடும். கோஜி கொண்டோ செய்த இந்தக் காரியத்தை எந்த ஆல்பத்தில் கேட்பது? 2010-இன் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ இசையில் பெரும்பகுதியை ஒரே சுருதியில், நிமிடத்துக்கு 130 என்ற ஒரே தாள வேகத்தில் பதிவுசெய்தார்கள். குதிரை நடக்கிறதா, ஓடுகிறதா, துப்பாக்கி வெடிக்கிறதா என்பதற்கு ஏற்ப எந்தத் துண்டை எதன்மீது வைத்தாலும் பொருந்த வேண்டும் என்பதற்காக. அமெரிக்க ஸ்டூடியோவில் உருவான ஆட்டம் அது. ஆக, இந்தக் கலை ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆல்பத்தை மட்டும் கேட்கும் முறையில் இந்தக் கலைக்கு மதிப்பெண்ணே இல்லை என்பதுதான் பிரச்சினை. கோலத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதில் கால் வைத்து நடப்பவர்களைக் கணக்கில் எடுக்காத மாதிரி.

கணக்கில் வராமல் போவது எல்லோருக்கும் சம நஷ்டமாக இருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஜப்பானிய மரபு வேறு வழியில் வளர்ந்தது என்பதால் அதற்கு நஷ்டம் கூடுதல். எண்பதுகளின் ஃபாமிகாம் கேம் பெட்டியில் இசைக்கு இருந்தது மொத்தம் ஐந்து குரல்கள். மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு, அடிக்குரலுக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, சின்னச்சின்ன ஒலித்துணுக்குகளுக்கு இன்னொன்று. ஒரு மெட்டு ஒரு நிமிடம் ஓடும், மறுபடியும் தலையிலிருந்து தொடங்கும். அந்தக் கட்டத்தை முடிக்கத் தெரியாத பையன் அதை இருநூறு தடவை கேட்பான், இருநூறாவது தடவையும் சலிக்கக் கூடாது. இந்தக் கட்டாயம்தான் அங்கே மெட்டுக் கட்டும் கலையைக் கூர்தீட்டியது. பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை, ஒலியின் பிரம்மாண்டம் இல்லை, ஒளிந்துகொள்ள இடம் இல்லை. 1984-இல் இசைக்கலைஞர் ஹருவோமி ஹொசோனோ கேம் ஒலிகளை வைத்து ஓர் ஆல்பமே வெளியிட்டார். கோய்ச்சி சுகியாமா 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’டுக்கு இசையமைத்து, அடுத்த ஆண்டே அதை டோக்கியோவில் ஆர்க்கெஸ்ட்ரா மேடையேற்றினார். அங்கே ஐந்து குரல் மெட்டு வளர்ந்து ஆர்க்கெஸ்ட்ராவானது. மேற்கில் பெரிய பட்ஜெட் ஆட்டங்கள் சினிமாவைப் பார்த்து வளர்ந்தன. இரண்டாயிரங்களில் ஹாலிவுட் வாத்தியக் குழுக்கள், ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்கள், பல நேரங்களில் ஹாலிவுட் இசையமைப்பாளர்களே கேமுக்குள் வந்தார்கள். அங்கே இசையின் வேலை சூழலை நிரப்புவது. மெட்டு முன்னால் வந்து நின்றால் அது இடைஞ்சல் என்றுகூடச் சில இயக்குநர்கள் கருதினார்கள். இரண்டுமே மரபுகள்தான். ஆனால் விருது என்ற ஏற்பாடு இரண்டாவது மரபின் வீட்டில் பிறந்தது. ‘ஜர்னி’ 2013-இல் கிராமிப் பரிந்துரை பெற்றபோது கேமுக்கெனத் தனிப் பிரிவே கிடையாது. ‘டார்க் நைட் ரைசஸ்’, ‘ஹியூகோ’ மாதிரியான படங்களோடு ஒரே வரிசையில் நின்று, ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’விடம் தோற்றது. சினிமாவின் வாசல் வழியாக உள்ளே வந்த பிரிவு, பத்து ஆண்டு கழித்துத் தனி வீடு கட்டிக்கொண்டபோதும் சினிமாக் காதைத்தான் கையோடு கொண்டுபோனது.

இதற்கு என்னால் காட்ட முடிந்த மிகத் துல்லியமான சாட்சி ஒரு குட்டிப் பாட்டு. 1996-இல் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த ‘கிர்பி’ ஆட்டமொன்றில் ‘ரிவெஞ்ச் ஆஃப் மெட்டா நைட்’ என்று ஒரு பகுதி. எட்டுக் குரல்கள், 64 கிலோபைட் ஒலி நினைவகம். இன்றைய வாட்ஸ்அப் புகைப்படம் ஒன்று அந்த நினைவகத்துக்குள் அடங்காது. அந்தச் சிமிழுக்குள் ஜுன் இஷிகாவா ஒரு போர்க்கப்பல் சண்டைக்கான மெட்டை அடைத்தார். கேட்டவர்கள் மறக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கின் ‘8-பிட் பிக் பேண்ட்’ என்ற ஜாஸ் குழு அந்த மெட்டை எடுத்து, டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்க ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் கொடுத்தது. பிரமாதமான வடிவம், சந்தேகமே இல்லை. 2022-இல் அதற்கு கிராமி கிடைத்தது. பிரிவு, வாத்திய ஒழுங்கமைப்பு. அந்தப் பிரிவின் விதிப்படி பரிசு ஒழுங்கமைத்தவர்களுக்குத்தான் போகும், மெட்டுப் போட்டவருக்கு அல்ல. விதி சரி, பரிசு பெற்றவர்கள் தகுதியானவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் நடந்ததைக் கூட்டிப் பாருங்கள். அதே சுரங்கள் ஜப்பானிய சிப்பின் உள்ளே இருந்தவரை விருது உலகுக்கு அது விளையாட்டுச் சத்தம். நியூயார்க் ஜாஸ் உடுப்பு மாட்டிய பிறகு அது இசை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ மெட்டைத் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் சேர்த்தபோது அப்படி எந்த உடுப்பையும் கேட்கவில்லை. 1985-இல் பெட்டியிலிருந்து வந்த அதே கீச்சொலியை அப்படியே எடுத்துவைத்தது. நூலகருக்குக் கேட்கிறது, நேயருக்குக் கேட்கிறது. விருது வாக்காளருக்கு மட்டும் இடையில் ஒரு திரை.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் இது: விண்ணப்பமே வராவிட்டால் நடுவர் என்ன செய்வார்? கிராமிக்கு யாராவது அனுப்ப வேண்டும், உறுப்பினரோ பதிவுபெற்ற நிறுவனமோ. ஆங்கிலப் படிவம், அமெரிக்க வெளியீடு, கெடு நாள், உறுப்பினர்களிடையே அறிமுகம், இவ்வளவும் வேண்டும். ஜப்பானிய நிறுவனங்கள் அந்த மேடையைப் பெரிதாக எண்ணுவதில்லை என்றும் சொல்வார்கள். இதில் உண்மை உண்டு, அந்த உண்மையின் வேரைத் தோண்டினால் இன்னொரு சங்கதி வரும். ஜப்பானில் கேம் இசையமைப்பாளர் நெடுங்காலம் மாதச் சம்பளக்காரர். எண்பதுகளில் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் பெயரைப் போடாமலோ புனைபெயரிலோதான் பெயர்ப் பட்டியல் ஓடும். ‘ஜுன்டாட்டா’, ‘குகெய்ஹா கிளப்’, ‘ஆல்ஃப் லைலா’ என்று சவுண்ட் டீம்களுக்கு இசைக்குழு மாதிரிப் பெயர்கள் இருந்தன, உள்ளே இருந்தது யார் என்று ரசிகர்கள் துப்பறிய வேண்டியிருந்தது. இன்றைக்கும் பெரிய ஜப்பானிய ஆட்டங்களில் ஐந்தாறு பேர் சேர்ந்து இசையமைப்பது வழக்கம். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ முதல் மறுஆக்கத்தின் சவுண்ட்டிராக் மட்டும் ஏழு குறுந்தகடுகள். ஒரே மேதை, ஒரே மணி நேர ஆல்பம், ஒரே மையக் கருத்து என்று எதிர்பார்க்கும் விருது முறைக்கு இந்தக் கூட்டுப் பட்டறை புரியாது. ஏழு தகட்டையும் கேட்க எந்த வாக்காளருக்கு நேரம் இருக்கும்? பத்துப் பிரிவுகளில் வாக்களிக்க வேண்டிய மனிதர், தெரிந்த பெயரையும் அரைமணியில் பிடிபடும் தொனியையும் தேடிப் போவது இயல்பு. ‘விண்ணப்பிக்கவில்லையே’ என்று கைவிரிப்பது வாசலை ஒருவர் உயரத்துக்கு மட்டும் வெட்டிவிட்டு மற்றவர் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதுதான்.

இன்னொரு வாதம்: கிராமி அமெரிக்க விருது, பாஃப்டா பிரிட்டிஷ் விருது, அவரவர் வீட்டுக் கல்யாணத்தில் அவரவர் சொந்தக்காரர்கள்தானே பந்தியில் இருப்பார்கள்? பந்தி வீட்டுக்காரருடையது என்று பலகை வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிரிட்டனின் ஐவர் நோவெல்லோ விருதுகள் 2010 முதல் கேம் இசைக்கும் பரிசு தருகின்றன. அது பிரிட்டிஷ், ஐரிஷ் இசையமைப்பாளர்களுக்கும் பிரிட்டனில் வாழ்பவர்களுக்குமானது என்று விதியிலேயே இருக்கிறது. அங்கே ஜப்பானியர் இல்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. கிராமியின் கேம் பிரிவு அப்படி எந்த எல்லையையும் அறிவிக்கவில்லை. சந்தையும் உலகச் சந்தை, விருதின் மவுசும் உலக மவுசு. பரிசு வாங்கியவரின் அடுத்த ஒப்பந்தத் தொகையை அது டோக்கியோவிலும் தீர்மானிக்கும், வார்சாவிலும் தீர்மானிக்கும். கிறிஸ்டோஃபர் டின் ‘சிவிலைசேஷன் 4’ ஆட்டத்துக்காக ஸ்வாஹிலி மொழியில் செய்த ‘பாபா யேட்டு’ 2011-இல் கிராமி வாங்கியதே என்று எடுத்துக்காட்டுவார்கள். கேமுக்காக எழுதப்பட்டு கிராமி வென்ற முதல் படைப்பு அது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஆட்டம் வந்தது 2005-இல். பரிசு கிடைத்தது, அந்தப் பாட்டை 2009-இல் ஒரு முழு கோரஸ் ஆல்பத்தில் புதிதாகச் சேர்த்து வெளியிட்ட பிறகு. ஆப்பிரிக்க மொழி உள்ளே வந்தது, கேம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தது. எல்லைக்கோடு எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதற்கு ஜப்பானும் ஓர் உதாரணம் தந்திருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். உவேமட்சு ஒரு கேமுக்காக இசையமைத்து, ஹாங்காங் பாடகி ஃபேய் வோங் ஆங்கிலத்தில் பாடிய ‘ஐஸ் ஆன் மீ’, 1999-ஆம் ஆண்டுக்கான ஜப்பான் கோல்டு டிஸ்க் விருதில் ஆண்டின் சிறந்த பாடல். எந்தப் பிரிவில் தெரியுமா? மேலைநாட்டு இசையில்!

‘தி கேம் அவார்ட்ஸ்’ விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அது இடிக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 2017-இல் ‘நியர்: ஆட்டோமேட்டா’, 2020-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ மறுஆக்கம், 2021-இல் ‘நியர் ரெப்ளிகன்ட்’, 2023-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 16’, 2024-இல் ‘ரீபர்த்’. அமெரிக்க மேடைதான், ஜப்பான் வாரிக் குவிக்கிறதே? அங்கே 90 சதவீத எடை உலகெங்கும் உள்ள கேம் பத்திரிகைகளின் ஜூரிக்கு, 10 சதவீதம் பொதுமக்கள் வாக்குக்கு. ஆடுவதே தொழிலான ஆட்கள் வாக்களிக்கிறார்கள். நாற்பது மணி நேரம் அந்த இசைக்குள் வாழ்ந்துவிட்டு வந்தவரின் தீர்ப்பு, ஆல்பத்தை அரைமணி கேட்டவரின் தீர்ப்பிலிருந்து எவ்வளவு விலகிப்போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ‘நியர்: ஆட்டோமேட்டா’வில் ஒரே இடத்தின் இசை அமைதியாக ஒலிக்கும், சண்டை மூண்டால் குரல் சேர்ந்துகொள்ளும், கணினியை ஹேக் செய்யும் கட்டத்துக்குள் நுழைந்தால் அதே இசை பழைய எட்டு பிட் கீச்சொலியாக உருமாறும், வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆடியவருக்கு இது சிலிர்ப்பு. கேட்பவருக்கு இவை மூன்று தனித்தனி டிராக்குகள். விமர்சகர்களுக்கும் சாய்வு உண்டு என்பது வாஸ்தவம். 2010-இல் வந்த இசையின் புதுப்பித்த வடிவத்துக்கு 2021-இன் சிறந்த இசைப் பரிசைக் கொடுத்ததில் பழைய நினைவின் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். கேட்டுவிட்டு நகர்வோம்.

என்னை உறுத்துவது பரிசு யாருக்கு என்பதைவிடப் பரிசுக்குப் பின்னால் நடப்பது. விருது என்பது அடுத்த பத்து ஆண்டுக்கான ஆர்டர் படிவம். எந்த ஒலிக்குப் பரிசு வருகிறதோ அந்த ஒலியைத்தான் தயாரிப்பாளர் கேட்பார், இசைக் கல்லூரிப் பாடத்திட்டம் கற்றுக்கொடுக்கும், இளைஞன் பயிற்சி எடுப்பான். எட்டுக் குரலில் மெட்டுப் போடத் தெரிந்தவனுக்கு வேலை குறையும். ஐம்பது வயலினை ஒரே நேரத்தில் இழுக்கவைக்கும் மென்பொருள் வைத்திருப்பவனுக்கு வேலை கூடும். கிராமிக் கேம் பிரிவின் முதல் பரிசை 2023-இல் வாங்கிய ஸ்டெஃபனி எகானமு, ‘அசாசின்ஸ் கிரீட்’ துணை ஆட்டமொன்றுக்கு வைக்கிங் கதையோடு மெட்டல் இசையைக் கலந்து துணிச்சலாகச் செய்திருந்தார், அதை மதிக்கிறேன். ஆனால் பொதுப்போக்கு அதுவல்ல. இருபது பரிந்துரைகளின் பெயர்களைத் திரும்பப் படியுங்கள், முக்கால்வாசியும் ஏற்கெனவே சினிமாவாகவோ காமிக்ஸாகவோ நாவலாகவோ தெரிந்த உலகங்கள், அல்லது எண்ணிக்கை எட்டாத தொடர் வரிசைகள். மூன்று ‘ஸ்டார் வார்ஸ்’, இரண்டு ‘அவதார்’, இரண்டு ‘கால் ஆஃப் டியூட்டி’, இரண்டு ‘காட் ஆஃப் வார்’. ஜான் வில்லியம்ஸ் 1977-இல் போட்ட பாதையில் 2026 வரை ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. சீனாவின் ‘கென்ஷின் இம்பாக்ட்’ தன் ஐரோப்பியச் சாயல் நகரத்துக்கு லண்டன் ஃபில்ஹார்மோனிக்கையும், சீனச் சாயல் துறைமுகத்துக்கு ஷாங்காய் சிம்ஃபனியையும், ஜப்பானியச் சாயல் தீவுக்கு டோக்கியோ ஃபில்ஹார்மோனிக்கையும் வைத்துப் பதிவுசெய்தது. வசதி உள்ளவர் செய்யலாம். வசதி இல்லாத ஊரில் கேம் செய்கிற இளைஞன், ஆர்க்கெஸ்ட்ரா இல்லாத இசை இசையே இல்லை என்ற பாடத்தை இந்தப் பட்டியல்களிலிருந்து கற்றுக்கொண்டால் என்ன ஆகும்?

இந்தக் கவலை நமக்கும் தொடர்புடையதுதான். 2023-இல் கனடாவிலிருந்து வந்த ‘வெண்பா’ ஆட்டத்தைப் பலரும் அறிவார்கள். 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதி, அவர்களுடைய மகன், பாதி அழிந்துபோன ஒரு சமையல் குறிப்பு நோட்டு. சமைக்கத் தொடங்கியதும் அடுப்படி ரேடியோவில் பாட்டு வரும். அத்தியாயம் மாற மாற, அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாகப் போட்ட பாடல்கள். எந்தத் தபேலா நடை எந்தப் பத்தாண்டுக்குரியது, கீபோர்டின் எந்த ஓசை எந்தக் காலத்து கேசட் கடையை நினைவூட்டும் என்று தெரிந்தவருக்கு அந்த ரேடியோதான் கடிகாரம், காலண்டர். மகன் வளர்ந்து தள்ளிப்போவதை வசனம் சொல்வதற்கு முன்னால் பாட்டு சொல்லிவிடும். 2024 பாஃப்டாவில் ‘வெண்பா’ சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிசை வென்றது. அந்த ஆண்டின் இசைப் பரிசு ‘பால்டர்ஸ் கேட் 3’-க்கு. போரிஸ்லாவ் ஸ்லாவோவின் அந்த இசை நல்ல இசை, அதற்குப் பரிசு போனதில் குறை எதுவும் இல்லை. என் கேள்வி வேறு. தமிழ்த் திரைப்பாட்டு கேட்டு வளராத ஒரு நடுவர், ‘வெண்பா’வின் ஆல்பத்தை மட்டும் தனியே கேட்டால் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? உற்சாகமான சில இந்தியப் பாடல்கள், அவ்வளவுதான். கடிகாரம் கேட்டிருக்காது. புணேயில் உருவாகி 2020-இல் வெளியான ‘ராஜி’ ஆட்டத்துக்கு கிரேக்க இசையமைப்பாளர் ஒருவர் இசையமைத்தார். அதில் தவறில்லை, கலை எல்லை தாண்டுவது நல்லதே. அடுத்து வருகிற இந்திய ஆட்டங்கள், உள்ளூர்க் காதுக்காகவா அல்லது லாஸ் ஏஞ்சலீஸ் வாக்காளரின் ஹெட்ஃபோனுக்காகவா இசையமைக்கப்படும் என்பதை அந்தந்தத் தயாரிப்பாளர் மேசையில் இப்போதே யாரோ தீர்மானித்துக்கொண்டிருப்பார்கள்.

நாட்டுவாரி இட ஒதுக்கீடு வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது ‘ஆசியாவுக்கு ஒன்று’ என்று ஓர் இலையை ஓரமாகப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொள்ளத்தான் வழிவகுக்கும். தேவைப்படுவது சின்ன மாற்றங்கள். கேம் இசைக்கு வாக்களிப்பவர் பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆட்டத்தையும் சில மணி நேரமாவது ஆடியிருக்க வேண்டும். ஆடத் தெரியாவிட்டால், ஆடுவதன் பதிவைப் பார்த்திருக்க வேண்டும். ஆல்பத்தோடு சேர்த்து, இசை ஆட்டத்துக்குள் எப்படி மாறுகிறது என்று காட்டும் காணொளியும் விண்ணப்பத்தில் கட்டாயமாக வேண்டும். அமெரிக்க வெளியீடு என்ற நிபந்தனை இணையத்தில் உலகமே ஒரே நாளில் வெளியிடுகிற இந்தக் காலத்துக்கு அவசியமா என்று பார்க்க வேண்டும். சவுண்ட் டீம் என்ற கூட்டுப் பெயருக்கும் பரிசு தரும்படி படிவம் மாற வேண்டும். இந்தியாவிலும் கேம் விருதுகள் வரத் தொடங்கிவிட்டன, இசைக்கும் பரிசு தருவார்கள், நாளை சென்னையிலும் ஒரு மேடை வரும். அதை நடத்தப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு விதிப்புத்தகத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். நடுவர் நாற்காலிக்கு ஒரு பிரபல சினிமா இசையமைப்பாளரைப் பிடித்துப்போட்டு, சால்வை போர்த்தி, சி.டி.யைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் கையில் முதலில் கன்ட்ரோலரைக் கொடுங்கள்.